பதின்மூன்றாவது இருக்கை

அந்த நகரத்தின் பூங்காக்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் இருக்கும் பெஞ்சுகளுக்கு நடுவில் ஒரு கம்பி உண்டு. கை வைத்துக்கொள்வதற்காக வைத்தது போலத் தெரியும். கை வைத்துப் பார்த்தால் முழங்கை வலிக்கும். யாரும் அதில் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை வைத்திருந்தார்கள். வைத்தவன் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பட்டறை நடத்திய ஒரு வெல்டர்.

ஆறு வருடமாக அவனுக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான். கம்பியோடு நிற்கவில்லை. கடை வாசல் திட்டுகளில் சரிவாக ஒரு தகடு, மேம்பாலத்துக்கு அடியில் முஷ்டி அளவு இரும்புக் குமிழ்கள், கட்டைச் சுவர்களின் மேல் பல் பல்லாக ஒரு பட்டை. நகராட்சிப் பொறியாளர் எதற்கும் படம் வரைந்து தரமாட்டார். அவருக்கு வரையத் தெரியாது. "இங்க எவனும் ஒக்காந்து கதை பேசக் கூடாதுப்பா. ஆனா பார்க்க லட்சணமா இருக்கணும்" என்பதோடு அவருடைய பொறியியல் முடிந்துவிடும். மீதியை வெல்டர் யோசிக்க வேண்டும். நன்றாகவே யோசித்தான். உள்ளுக்குள் அதில் ஒரு பெருமையும் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

முக்கியமாக அக்காவிடம் சொல்ல முடியாது. கணவன் போன பிறகு அக்கா அதே வீட்டின் மாடி அறையில் இருந்தாள். நகரத்துக் கலைக்கூடத்தில் காவலர் வேலை, இருபத்தொரு வருடம். அந்த வேலைக்கு இரண்டே இரண்டு விதிகள்: பார்வையாளர் எதையும் தொடக் கூடாது, காவலர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று எந்தக் காலத்திலோ ஒரு இயக்குநர் சொல்லியிருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், விதி ஓய்வு பெறவில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால், பெஞ்சில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்றிருக்கும். நடுவில் கம்பி.

"எவனோ ஏசி ரூம்ல ஒக்காந்து யோசிச்சிருக்கான்" என்பாள், இரவுச் சாப்பாட்டின்போது. "அவன் காலு ஒருநாள் என் காலு மாதிரி வீங்கணும். வீங்கி, ஒக்கார எடமில்லாம தெருத்தெருவா நிக்கணும்."

தம்பி தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். கம்பியெல்லாம் நகராட்சியிலிருந்து தயாராக வருகிறது, நான் பத்த வைப்பதோடு சரி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அவன் மனைவிக்கு உண்மை தெரியும். அக்கா திட்ட ஆரம்பிக்கும் நேரம் பார்த்து அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள், வாய் நிறைந்திருந்தால் உளற மாட்டான் என்று.

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் ஒரு கலைஞர் வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டில் படித்து, வெளிநாட்டில் பேர் வாங்கி, போதுமான அளவு வாங்கியான பிறகு சொந்த ஊருக்கும் ஏதாவது செய்யலாம் என்று இறங்கி வந்தவர். நாற்பது வயது இருக்கும். இரும்புத் தூள் படியாத இடமாகத் தேடித் தேடிக் காலை வைத்து அந்த அம்மாள் பட்டறைக்குள் வந்தார். கூட வந்த இருவர் எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். ஆணியில் தொங்கிய அவனுடைய அழுக்குச் சட்டையைக்கூட விடவில்லை.

மூலையில் சாத்தி வைத்திருந்த குமிழ்த் தகட்டின் முன்னால் கலைஞர் நின்றுவிட்டார்.

"இது பேசுது" என்றார்.

வெல்டர் தகட்டைப் பார்த்தான். "அது கழிச்சுப் போட்டது மேடம். குமிழ் வரிசை கோணிப்போச்சு."

"அந்தக் கோணல்தான் பேசுது. இவ்வளவு நுட்பமான ஒரு வன்முறையை யார் யோசிச்சிருப்பாங்க?"

நுட்பம் என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ போய் இனித்தது. ஆறு வருடத்தில் யாரும் அவனைப் பார்த்து அதைச் சொன்னதில்லை.

"நான்தான்" என்றான்.

அதுவரை அவனைச் சுற்றியிருந்த பொருள்களையே பார்த்துக்கொண்டிருந்த கலைஞர், முதல்முறையாக அவனைப் பார்த்தார்.

திட்டத்தை விளக்கினார். கலைக்கூடத்தின் பெரிய கூடத்தில் பன்னிரண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக இருக்க வேண்டும். முதலாவதில் ஒரு கம்பி. எட்டாவது அலை மாதிரி வளைந்து, உட்கார்ந்தால் வழுக்கிவிடும். பன்னிரண்டாவது செங்குத்தாக நிற்கும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. யாரும் சொல்லாமலே எல்லோரும் அந்தக் கோட்டின் மேல் நடப்பார்கள். மேலேயிருந்து ஒரு கேமரா அதைப் பிடித்து, வெளியே போகும் வழியில் அவர்களுக்கே திரையில் காட்டும்.

"நகரத்தோட வடிவமைப்பு நம்ம நடத்தையை எப்படி வடிவமைக்குதுங்கிறதை, ஜனங்க அவங்க உடம்பாலேயே உணரணும்" என்றார்.

"அந்த பெஞ்சுல ஒக்காரலாமா மேடம்?"

"தொடவே கூடாது."

"அப்ப உடம்பால எப்படி உணர்வாங்க?"

கலைஞர், மழலை கேட்டது போலச் சிரித்தார். கூட வந்த இருவரும் அவர் சிரித்த அதே அளவுக்குச் சிரித்தார்கள்.

பன்னிரண்டு பெஞ்சுகளுக்கு ஏழு வாரம் ஆனது. கடைசி வாரம் ஒலிவாங்கியோடு வந்து, "உங்க அனுபவத்தை உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க" என்றார்கள். ஒரு மணி நேரம் பேசினான். அப்பாவிடம் தொழில் கற்றது, துணி மாட்டாமலிருக்க ஓரங்களை ராவி எடுப்பது, முதல் கம்பியின் உயரத்தைக் கண்டுபிடித்தது எல்லாம் சொன்னான். பாலத்தடியில் குமிழ் பதிக்கப் போன அன்று, ஒரு கிழவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதையும் சொன்னான். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தான். முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் தன்னைப் பேசவிட்டுக் கேட்டவர்களிடம் தாளைப் படிக்க வேண்டும் என்று கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தான்.

திறப்பு விழாவுக்கு அவனுக்கும் அழைப்பு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் போனான். உள்ளே நுழைந்ததுமே சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: "நகரம் என்பது உடல்களின் மேல் எழுதும் கை." அதன் கீழே ஆட்கள் கையில் கோப்பையோடு நின்றார்கள். எழுதிய கையோ எழுதப்பட்ட உடலோ தாங்கள் இல்லை என்ற நிம்மதி எல்லோர் முகத்திலும் இருந்தது. மஞ்சள் கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்து, "எவ்வளவு உண்மை" என்று சொல்லிக்கொண்டார்கள்.

முதல் பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரோரம் அக்கா சீருடையில் நின்றாள். விழாவுக்கு முன்பே கலைஞர் அவளிடம் சொல்லியிருந்தார்: "நீங்க யாருக்கும் வழி சொல்லக் கூடாது, பேசக் கூடாது. ஒரு தூண் மாதிரி இருங்க." இருந்தாள்.

நகராட்சிப் பொறியாளர்தான் சிறப்பு விருந்தினர். "நம்ம நகரத்துல இத்தனை கொடுமையா? இதையெல்லாம் செஞ்சவங்க வெட்கப்படணும்" என்று ஒலிபெருக்கியில் வருத்தப்பட்டார். பலத்த கைதட்டல். மேடையிலிருந்து இறங்கும்போது வெல்டரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு விருந்தினர்கள் முதல் பெஞ்சை நெருங்கினார்கள். யார் நெருங்கினாலும் தானாகவே ஒலிக்கும்படி உள்ளே ஒரு கருவி இருந்தது. வெல்டரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எந்த உயரத்துல வைக்கிறதுன்னு மொதல்ல தெரியல. எங்க அக்கா சாப்பாடு கொண்டுவந்தா. எதுக்குன்னு சொல்லாம, இதுல கொஞ்சம் படுத்துக் காட்டுன்னு சொல்லி, இடுப்புக்கு அடியில ஒரு பைப்பை வச்சுப் பார்த்தேன். அவளுக்கு நல்ல சதைப்பிடிப்பு, மெத்தை மாதிரி. அவளாலேயே அஞ்சு நிமிஷம் தாங்க முடியல. அப்ப எலும்பும் தோலுமா வர்றவன் எங்க தாங்கப்போறான்னு அந்த உயரத்துலேயே பத்த வச்சுட்டேன்."

கடைசியில் ஒரு சிரிப்பு. அவனுடைய சிரிப்புத்தான். ஒரு மணி நேரத்திலிருந்து இருபது விநாடி எடுத்திருந்தார்கள். கிழவரும் போர்வையும் அதில் இல்லை.

"மெத்தை மாதிரி" என்ற இடத்தில் விருந்தினர்கள் சிரித்தார்கள். சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்கலாம் என்று முடிவாகி, நன்றாகவே சிரித்தார்கள். அடுத்த குழு வந்தது. குரல் மறுபடி ஆரம்பித்தது. வெல்டர் அக்காவைப் பார்த்தான். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. கீழே சாப்பிட வருவதையும் நிறுத்தினாள். மாடியில் தனியாகச் சமைத்துக்கொண்டாள். அவன் மனைவி இரண்டு நாள் பொறுத்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

"அண்ணி, அவர் வேணும்னு செய்யல. அந்த அம்மா வெட்டி ஒட்டிட்டாங்க."

"மெத்தைன்னு சொன்னது போகட்டும்" என்றாள் அக்கா. "ஆறு வருஷமா நான் திட்டத் திட்ட எதிர்ல ஒக்காந்து ருசிச்சுச் சாப்பிட்டான் பாரு, அதுதான் எனக்கு ஆறல. நேத்து முந்நூத்துப் பத்துத் தடவை கேட்டேன் அந்தச் சிரிப்பை. என் தம்பிக்கு இவ்வளவு நல்லாச் சிரிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

மனைவி கீழே வந்து ஒரு சொல் விடாமல் அதை ஒப்பித்தாள். அவளுக்கும் அவன்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது.

மறுநாள் வெல்டர் கலைக்கூடத்துக்குப் போனான். கலைஞர் மேற்பார்வையாளரோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். முதல் பெஞ்சருகே நிற்கும் காவலர்தான் அந்த அக்கா என்று அவன் சொன்னதும், கலைஞர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அதே கூடத்துலயா? அதே பெஞ்சு பக்கத்துலயா?" அவர் கண்கள் மின்னின. "தற்செயலை மிஞ்சின கலைஞன் கிடையாது பாருங்க."

"அந்தப் பேச்சை எடுத்துருங்க மேடம்."

"எப்படி எடுக்க முடியும்? அதுதான் இந்தப் படைப்போட இதயம்."

"இதயம் இல்ல மேடம். அது எங்க அக்காவோட இடுப்பு."

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. கலைஞரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். கலைஞர் பொறுமையாகத் தன் கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். அவன் கையெழுத்துப் போட்ட தாள். அதில் அவன் குரலை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருந்தது.

"சரி, அவளுக்கு ஒரு நாற்காலியாவது போடுங்க" என்று மேற்பார்வையாளரிடம் திரும்பினான். "கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கிது."

"விதி ஒருபக்கம் இருக்கட்டும்பா" என்றார் மேற்பார்வையாளர். "அந்தக் கூடத்துல ஒரு நாற்காலியப் போட்டா, அதையும் படைப்புன்னு நினைச்சுக்குவாங்க. குழப்பம்."

வெல்டர் பட்டறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு வந்தான். ஆறு வருடம் நகரத்தின் தெருக்களில் துளைபோட்டவன் அவன். ஒளிரும் சட்டை மாட்டிக்கொண்டு, தரையில் துளைபோட்டு, போல்ட் முடுக்கிவிட்டால், இது என்ன, யார் சொன்னது என்று ஒரு மனிதன் கேட்டதில்லை. வீட்டு வாசலில் வைத்தால்கூட, வீட்டுக்காரர் தள்ளி நின்று வேலை முடியக் காத்திருப்பார். தரையோடு முடுக்கிய எதையும் கேள்வி கேட்காத ஜனம். கலைக்கூடத்து ஜனம் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது?

மூன்று நாளில் ஒரு நாற்காலி செய்தான். தட்டையான இருக்கை, தொடையை வெட்டாதபடி உருட்டிய முன்விளிம்பு, முதுகு சாய ஒரு வளைவு, கால் தூக்கி வைக்கக் கீழே ஒரு பட்டை. உயரத்துக்கு இந்தத் தடவை அவளை அளக்கவில்லை. தினமும் அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும் மாடிப்படியை அளந்தான். பெஞ்சுகளுக்கு அடித்த அதே சாம்பல் வண்ணம் அடித்தான். அச்சுக்கடையில் ஒரு சின்னத் தகடு எழுதி வாங்கினான்: "13. பெயரிடப்படாதது. இரும்பு, வண்ணம்."

திங்கட்கிழமை கலைக்கூடம் விடுமுறை. எட்டாவது பெஞ்சின் கால் ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சைச் சரிசெய்தான். பிறகு முதல் பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரோரம் நான்கு துளை போட்டு நாற்காலியை முடுக்கினான். மேற்பார்வையாளர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். துளைபோடும் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அக்கா நாற்காலியைப் பார்த்தாள். வெல்டிங்கின் தையலைப் பார்த்ததும் யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே நின்றாள். புதன்கிழமையும் நின்றாள். முதுகு சுவரில் படாமல், முன்பைவிட விறைப்பாக நின்றாள். வியாழக்கிழமை மதியம், குரல் அன்றைக்கு நூறாவது முறையோ என்னவோ "மெத்தை மாதிரி" என்று சொல்லி முடித்தபோது, இடது கால் மரத்துப்போனது. உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபின் எழத் தோன்றவில்லை. இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாகக் கூடத்தை அந்த உயரத்திலிருந்து பார்த்தாள். மேற்பார்வையாளர் வந்தார். அவளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். கலைஞர் வெளிநாட்டில் இன்னொரு கண்காட்சிக்குப் போயிருந்தார். போகும்முன் சொல்லிவிட்டுப் போயிருப்பார், தான்தான் மறந்துவிட்டோம் என்று முடிவுசெய்து, மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட அவருக்கு அது சுலபம்.

பார்வையாளர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். பத்திரிகையில் ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். பன்னிரண்டு மறுப்புகளுக்கும் எதிரே ஒரு களைத்த உடல் அமர்ந்திருக்கும் அந்தப் பதின்மூன்றாவது படைப்பில்தான் கலைஞரின் மேதைமை முழுமையடைகிறதாம். முந்தைய பன்னிரண்டும் அதற்கான முன்னுரைதானாம். அக்காவின் முகத்தில் "ஆயிரமாண்டுச் சலிப்பு" தெரிந்ததாக எழுதியிருந்தார். அன்று அவளுக்கு ஜலதோஷம்.

கலைஞர் அடுத்த விமானத்தில் திரும்பினார். கூடத்துக்கு வந்து நாற்காலியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அது தன்னுடையது இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் மேற்பார்வையாளர் கையில் அந்தப் பத்திரிகையோடு ஓடிவந்து, "பதின்மூணாவதுதான் மேடம் உச்சம்" என்றார். கலைஞர் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் மெல்லப் புன்னகையானது.

"நான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்" என்றார்.

அன்று மாலையே ஒரு பேட்டியில், இந்த யோசனை தனக்கு இரண்டு வருடம் முன்பே வந்ததாகச் சொன்னார். பட்டறைக்கும் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இனிமே இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார். பேசினால் என்ன ஆகும் என்று வெல்டர் கேட்டான். அவர் போனை வைத்துவிட்டார். அவன் பேசவுமில்லை. அந்தக் கூட்டத்திடம் போய் நாற்காலி என்னுடையது என்று சொல்லி, அவர்கள் கைதட்டலை வாங்கி எங்கே வைப்பது?

மறுநாள் அக்காவுக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. கூடம் திறந்திருக்கும் எட்டு மணி நேரமும் காவலர் பதின்மூன்றாவது இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. இருபத்தொரு வருடம் உட்காரக் கூடாது என்றிருந்த அதே அலுவலகம், அதே முத்திரையோடு, எழுந்திருக்கக் கூடாது என்றது. உத்தரவைக் கொடுத்த மேற்பார்வையாளருக்கு அதில் எதுவும் வினோதமாகப் படவில்லை.

அக்கா உத்தரவைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டாள்.

அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு பதின்மூன்றாவதைப் பார்க்கவே வருவதாக இருந்தது. கலைஞர் நேரில் வந்தார்.

"உங்களுக்கு ஒக்காரத்தானே வேணும்? ஒக்காருங்க."

"எனக்கு ஒக்காரத் தோணும்போது ஒக்காருவேன் அம்மா. சொல்லிக் கொடுத்து ஒக்கார எனக்கு வராது."

"இது உங்களைப் பத்தின படைப்பு. உங்களை மாதிரி இருக்கிறவங்களோட வலியைப் பத்தினது."

"என்னை மாதிரி எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?"

கலைஞர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். வேறு காவலரை உட்கார வைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். அவர் பத்திரிகைப் படத்தைச் சுட்டிக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். உலகத்துக்குத் தெரிந்த முகம் இவள் முகம். ஆயிரமாண்டுச் சலிப்பு இன்னொருத்தியிடம் கிடைக்காது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார் கலைஞர்.

"அந்தக் குரலை நிறுத்துங்க. ஒக்கார்றேன். தோணும்போது எழுந்து நடப்பேன், அதுக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, நிக்கிறேன். நிக்கிறது எனக்குப் புதுசு இல்ல."

"அது படைப்போட இதயம்" என்று கலைஞர் ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியிலேயே படுத்துவிட்டது. குரல் அன்று மாலையே நின்றது. அந்த மௌனம் முன்பைவிட ஆழமாக இருக்கிறது என்று பத்திரிகைக்காரர் அடுத்த வாரம் எழுதினார்.

மூன்று மாதம் முடிந்ததும் பன்னிரண்டு பெஞ்சுகளையும் நாற்காலியையும் ஒரு வங்கி வாங்கித் தன் வரவேற்புக் கூடத்தில் வைத்துக்கொண்டது. அங்கேயும் யாரும் உட்காரக் கூடாது. அக்கா மறுபடி இன்னொரு கூடத்தில் பழையபடி நிற்க ஆரம்பித்தாள். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. தம்பியோடு அவள் பேசவில்லை. நாற்காலி செய்தாயே என்று ஒரு சொல் இல்லை. அவனும் எதிர்பார்த்தான் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் எதிர்பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் பொறியாளர் பட்டறைக்கு வந்தார். கையில் கண்காட்சியின் பளபளப்பான புத்தகம் இருந்தது. பக்கத்தைப் புரட்டி எட்டாவது பெஞ்சில் விரலை வைத்தார். அலை மாதிரி வளைந்தது, உட்கார்ந்தால் வழுக்குவது.

"இதுதாம்பா வேணும். கம்பின்னா ஜனங்க திட்டுறாங்க. இதைப் பார்த்தா எவனும் திட்ட மாட்டான். பத்து நிமிஷத்துக்கு மேல எவனும் ஒக்காரவும் மாட்டான். நம்ம எல்லா பஸ் ஸ்டாப்புக்கும் போட்டுடலாம்."

"விழாவுல வெட்கப்படணும்னீங்களே சார்."

"அது விழா." அவருக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை. "இது வேலை. அந்த அம்மாகிட்ட கேட்டாச்சு. நகரத்துக்குக் கலையைக் கொண்டுபோறதுன்னா சந்தோஷம்னு சொல்லிட்டாங்க."

வெல்டர் அந்தப் படத்தைப் பார்த்தான். அந்த வளைவைச் சரியாகக் கொண்டுவர அவன் ஒன்பது நாள் போராடியிருந்தான். நல்ல வளைவு. அதில் சந்தேகமில்லை.

"என்னால முடியாது சார்."

"ஏன், மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லா இருக்கு. எனக்குத்தான் முடியல."

பொறியாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓஹோ. நீயும் கலைஞர் ஆயிட்டியா?" என்று புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நகராட்சி வேலை அதோடு நின்றது. ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி, கேட் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தான்.

இரண்டு மாதத்தில் அலை பெஞ்சுகள் வந்துவிட்டன. வேறு பட்டறையின் வேலை. பணிமனை நிறுத்தத்தில் ஒன்றை அவன் நின்று பார்த்தான். வளைவு உடைந்து உடைந்து வந்திருந்தது, வெல்டிங் கொப்பளம் கொப்பளமாக இருந்தது, ஓரம் ராவப்படவில்லை. ஒரு பெண் அதில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி, கடைசியில் எழுந்து நின்றுகொண்டாள். அவனுக்கு முதலில் வந்தது அந்த மோசமான வேலையைப் பார்த்து வந்த எரிச்சல்தான். அந்தப் பெண் நிற்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. முதலில் எது கண்ணில் பட்டது என்பதை நினைத்து, வீடு வரும்வரை தன்னைத் தானே காறித் துப்பாத குறையாக நடந்து வந்தான்.

அன்று மாலை மாடியில் எரிவாயு தீர்ந்துவிட்டது. அக்கா கீழே சாப்பிட வந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். மனைவிக்கு இது ஒரு வாய்ப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணி, புது பெஞ்சு வேலை இவருக்குத்தான் மொதல்ல வந்துச்சு. வேணாம்னுட்டார்."

அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, ஐந்து மாதத்துக்கும் மேலாகப் பார்க்காத தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதுக்கு என்ன செய்யணும்? ஆறு வருஷம் செஞ்சுட்டு ஒருநாள் மாட்டேன்னு சொன்னதுக்கு ஊர்வலம் விடணுமா?"

"நான் ஒண்ணும் கேட்கல."

"கேட்கலதான். மூஞ்சிய மட்டும் அப்படி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "உப்பு எடு."

எடுத்துப் போட்டான். போதாது என்றாள். இன்னும் கொஞ்சம் போட்டான்.